குரல் தனியா, மியூசிக் தனியா: மேஷப் பண்றவங்களுக்கு வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மேஷப் (ஒரு பாட்டோட குரலை இன்னொரு மியூசிக் மேல வைக்கறது) பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு ஒரு வரிதான் போட்டிருந்தோம், மெயில், வாட்ஸ்அப்னு வந்து குவிஞ்சிருச்சு. சமூக மன்ற தீபாவளி நிகழ்ச்சிக்கு ஆட சொல்லிக்குடுக்கறவங்க, கல்யாணத்துக்கு டிஜே பண்ற பசங்க, வீட்ல லேப்டாப்ப வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருக்கறவங்கன்னு எல்லாரும் கேக்கறது கடைசில ஒண்ணுதான், குரலை எப்படி சுத்தமா பிரிச்சு எடுக்கறது. நான் சொல்றதும் சுத்தி வந்து ஒரே இடத்துலதான் நிக்கும்: முழுசா சுத்தமா பிரியாது. எந்தப் பாட்ட எடுக்கறீங்க, அந்தக் குரலுக்கு அடியில என்ன போடறீங்க, அதுலதான் மேஷப் நிக்கறதும் விழறதும்.

அண்ணே, ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஒரு சேனலை இன்வெர்ட் பண்ணா குரல் போயிடும்னு ஒரு வீடியோல பாத்தேன். ஒரு பாட்டுல ஓரளவு போச்சு, ஒரு பழைய பாட்டுல மொத்த பாட்டுமே காணாம போச்சு. இப்ப எல்லாரும் ஏஐங்கறாங்க, அது மட்டும் எப்படி பிரிக்குது?
– ஈசூன், பாலிடெக்னிக் மாணவர்

தம்பி, ஸ்டீரியோ பாட்டுல இடது, வலதுன்னு ரெண்டு சேனல் இருக்கு இல்லையா, பாடறவங்க குரலை பெரும்பாலும் நட்டநடுவுல வைப்பாங்க, அதாவது ரெண்டு சேனல்லயும் ஒரே அளவுல ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணை தலைகீழாக்கி இன்னொண்ணோட கூட்டினா ரெண்டுலயும் பொதுவா இருக்கறது எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சு பூஜ்யமாயிடும், ஓரமா வச்ச கிட்டாரும் வயலினும் மிஞ்சும். ஆனா நடுவுல இருக்கறது குரல் மட்டுமா? பேஸ் கிட்டார், கிக் டிரம், பல நேரம் தபலா, எல்லாம் அங்கதான், அதுங்களும் கூடவே போயிடும். குரலோட ரிவர்ப், அதாவது எதிரொலி, மட்டும் ரெண்டு பக்கமும் வேற வேறயா பரவி இருக்கறதால போகாது, அதனாலதான் குரல் போனப்புறமும் பின்னாடி யாரோ தூரத்துல பாடற மாதிரி கேக்கும்.

உங்க பழைய பாட்டு மொத்தமா காணாம போனதுக்கு காரணம் அது மோனோ. ரெண்டு சேனலும் ஒரே நகல், கழிச்சா மிச்சம் ஒண்ணும் இல்ல. தமிழ் சினிமாவுல ஸ்டீரியோ ரெக்கார்டிங் 1978ல வந்த 'ப்ரியா' பாட்டுங்கள்லதான் ஆரம்பிச்சதா சொல்லுவாங்க, நம்ம சிங்கப்பூர்லயும் ஷூட்டிங் பண்ண படம் அது. அதுக்கு முந்தின பாட்டுங்கள்ல இந்த வித்தைய பண்ணவே முடியாதுன்னு வச்சுக்குங்க. அதுவும் இல்லாம இது குரலை நீக்கற வித்தைதான், குரலை கையில எடுத்து குடுக்காது. குரல் வேணும்னா அதே பாட்டோட அசல் மைனஸ் ஒன், அதாவது குரல் இல்லாத மியூசிக் டிராக், கிடைக்கணும், அதை இன்வெர்ட் பண்ணி முழு பாட்டோட ஒட்டி வைக்கணும், அப்ப மியூசிக் அடிபட்டு குரல் மிஞ்சும். ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள், அதுல ஒண்ணு ரெண்டு தள்ளிப் போனாலே முதல்ல மேல் சத்தங்க வெட்டுப்படாம மிஞ்சும், எம்பி3யா இருந்தா சரியா ஒட்டியும் முழுசா வெட்டாது.

ஏஐ பண்றது வேற வேலை. சத்தத்த ரொம்ப சின்ன சின்ன துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டுலயும் எந்த ஃப்ரீக்வென்சி எவ்வளவு இருக்குன்னு ஒரு படம் மாதிரி ஆக்கிக்கும், அப்புறம் அந்தப் படத்துல ஒவ்வொரு புள்ளியிலயும் குரலோட பங்கு எவ்வளவுன்னு கணிச்சு அவ்வளவை மட்டும் விட்டு மிச்சத்த மறைக்கும். குரல் தனியா டிரம்ஸ் தனியா இருக்கற பாட்டுங்களை நிறைய காட்டி காட்டி அதுக்கு இதை பழக்கியிருக்காங்க. டீஸர் நிறுவனம் 2019 நவம்பர்ல ஸ்ப்ளீட்டர்னு ஒண்ணை இலவசமா வெளியிட்டாங்க, அது இந்த வழிதான், அதுக்கப்புறம்தான் இது நம்ம மாதிரி ஆளுங்க கைக்கே வந்துச்சு. ஃபேஸ்புக் ஆராய்ச்சிக் குழுவோட டீமக்ஸ் முதல்ல படமா மாத்தாம நேரா அலையிலயே வேலை செஞ்சது, 2021க்கு அப்புறம் ரெண்டையும் சேத்து பாக்குது, 2022ல வந்த நாலாவது வெர்ஷன் இன்னிக்கும் நல்லா உழைக்குது.

நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது இங்க ஒண்ணு இருக்கு. இந்தத் துறையில எல்லாரும் பழக்கறதுக்கும் பரிசோதிக்கறதுக்கும் வச்சிருக்கற பொதுத் தொகுப்பு மியூஸ்டிபி18, அதுல 150 பாட்டு, சுமார் 10 மணி நேரம், பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். குரல், டிரம்ஸ், பேஸ், மத்ததுன்னு நாலே பெட்டி. நாதஸ்வரமும் தவிலும் வீணையும் அந்த 'மத்தது' பெட்டிக்குதான் போகணும், ஆனா கமகத்தோட வளைஞ்சு போற புல்லாங்குழலையும் வயலினையும் அது பாட்டுன்னு நினைச்சு குரல் பக்கம் தள்ளிவிட்டுடும். கர்நாடகக் கச்சேரிங்களை பல டிராக்கா பதிவு பண்ணி சரகான்னு ஒரு தொகுப்பு ஆராய்ச்சிக்கு குடுத்திருக்காங்க, நல்ல வேலை, ஆனா மேடையில எடுத்ததால ஒருத்தர் மைக்ல இன்னொருத்தர் சத்தமும் ஏறியிருக்கு. நம்ம இசைக்குன்னு சுத்தமா தனித்தனி டிராக்கா ஒரு பெரிய தொகுப்பு வரணும், வந்தா வித்தியாசம் உடனே காதுல தெரியும்.

காசு செலவில்லாம எதுல பண்ணலாம்? என்கிட்ட போனும் ஒரு பழைய லேப்டாப்பும்தான் இருக்கு.
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

போன்லயே ஆரம்பிக்கணும்னா பேண்ட்லேப்ங்கற மியூசிக் ஆப்ல ஸ்ப்ளிட்டர்னு ஒண்ணு இருக்கு, பாட்ட ஏத்தினா நாலா பிரிச்சு குடுக்கும், நம்ம ஊர்ல தலைமையகம் வச்சிருக்கற கம்பெனிதான் அது. ட்ரை பண்ணி பாக்க அது போதும்.

லேப்டாப்ல உக்காந்து பண்ணணும்னா அல்டிமேட் வோக்கல் ரிமூவர், இலவசம், உள்ளயே டீமக்ஸ், எம்டிஎக்ஸ்னு பல மாடல் இருக்கு, ஒரே பாட்ட ரெண்டு மூணு மாடல்ல ஓட்டி கேட்டுப் பாத்து எடுத்துக்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லன்னாலும் ஓடும், நேரம்தான் ஆகும். டீமக்ஸ்ல சாதாரண மாடலுக்கும் ஃபைன் ட்யூன் பண்ண மாடலுக்கும் நேரம் நாலு மடங்கு வித்தியாசம், அதனால முதல்ல சாதாரணத்துல ஓட்டி இந்தப் பாட்டு தேறுமான்னு பாத்துட்டு, தேறுச்சுன்னா மட்டும் பெரிய மாடல்ல போட்டுட்டு சாப்பிடப் போங்க. ஏற்கெனவே லாஜிக் ப்ரோ இல்ல எஃப்எல் ஸ்டூடியோ வச்சிருக்கறவங்க புது வெர்ஷனுக்கு மாறினா உள்ளயே ஸ்டெம் (குரல், டிரம்ஸ்னு தனித்தனி டிராக்) பிரிக்கற வசதி வந்துருச்சு, தனியா ஒண்ணும் தேட வேண்டாம்.

எந்த ஆப் பெஸ்ட்டுன்னு அடிச்சுக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்லைங்க. ஒரு பாட்டுல இது ஜெயிக்கும், இன்னொண்ணுல அது ஜெயிக்கும், உங்க காதுதான் தீர்ப்பு.

எம்பி3 போதுமா, இல்ல வேவ் ஃபைலே வேணுமா?
– புவாங்கோக் வாசகி

முடிஞ்சா சிடியிலருந்து எடுங்க, இல்லன்னா காசு குடுத்து வாங்கற எஃப்எல்ஏசி (தரம் குறையாம சுருக்கின ஃபைல்). 128 கேபிபிஎஸ் எம்பி3ல பொதுவா 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் மிஞ்சியிருக்காது, மிச்சத்துலயும் காதுக்கு தெரியாதுன்னு நினைச்சு நிறைய தூக்கி எறிஞ்சிருப்பாங்க. முழுசா கேக்கும்போது அது தெரியாது, பிரிச்சதும் அந்த ஓட்டையெல்லாம் வெளிய வரும். பழைய சிடிங்க வீட்ல அலமாரியில கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க.

நான் நடனம் சொல்லிக்குடுக்கறேன். ரெண்டு பாட்ட சேத்து ஒரு ஐட்டம் பண்றோம். பிரிச்ச குரல் தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி கேக்குது, எத்தனை ஆப் மாத்தினாலும் அப்படித்தான். சமூக மன்ற ஹால்ல போட்டா மானம் போயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணலாம் அண்ணா?
– தோ பாயோ வாசகி

பயப்படாதீங்க சிஸ்டர். முதல்ல ஒரு பழக்கத்த விட்டுடுங்க, பிரிச்ச குரலை தனியா ஹெட்ஃபோன்ல கேட்டு தீர்ப்பு சொல்ற பழக்கத்த. தனியா கேட்டா எல்லா குரலும் அப்படித்தான் இருக்கும், ஏன்னா ஹை-ஹேட் (டிரம்ஸ்ல இருக்கற ஜோடித் தட்டு) தட்டற இடத்துலயும் 'ச', 'ஷ' வர்ற இடத்துலயும் ரெண்டும் ஒரே ஃப்ரீக்வென்சில மோதுது, மாடல் அந்த நொடியில தயங்கி தயங்கி திறந்து மூடுது, அந்த தயக்கம்தான் தண்ணி மாதிரி கேக்குது. ஹால்ல உக்காந்திருக்கறவங்க குரலை தனியா கேக்கப்போறது இல்ல. புது மியூசிக்கோட சேத்து போட்டு, கண்ண மூடி கேளுங்க, அப்பவும் உறுத்தற இடத்த மட்டும் குறிச்சு வச்சுக்குங்க. பாதிக்கு மேல மறைஞ்சே போயிருக்கும்.

மிச்சத்துக்கு கை வேலை இருக்கு. பாடாத இடத்துல எல்லாம் குரல் டிராக்க வெட்டி அமைதியாக்குங்க, ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு மூச்சு இடைவெளி இருந்தாலும் வெட்டலாம், ஆனா மூச்சு சத்தத்த விட்டுடுங்க, அது போனா குரல் உயிரில்லாம ஆயிடும். இந்த ஒரு வேலையே பாதி கசிவ, அதாவது குரலோட ஒட்டிக்கிட்டு வந்த பழைய மியூசிக்க, எடுத்துடும், அலுப்பான வேலை, ஆனா எந்த ஆப்பும் இதை இவ்வளவு நல்லா பண்ணாது. அப்புறம் 100 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கறத ஹை பாஸ் (கீழ் சத்தத்த வெட்டற ஃபில்டர்) போட்டு தூக்குங்க, பெண் குரலா இருந்தா இன்னும் கொஞ்சம் மேல போகலாம், அங்க இருக்கறது கசிஞ்ச பேஸும் கிக்கும்தான். அப்புறம் பிரிச்சதையே மறுபடி அதே மாடல்ல போட்டு பிரிக்காதீங்க, பல பேரு சுத்தமாகும்னு நினைச்சு இதை பண்றாங்க, ஒவ்வொரு தடவையும் குரல்தான் மெலிஞ்சு போகும்.

கசிவு எங்க இருக்கோ அங்க புது மியூசிக்ல அதே குணமுள்ள ஒண்ணை வைங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இதுதான். சரணத்துல பழைய வயலின் லேசா கேக்குதா, அந்த இடத்துல மெல்லிசா ஒரு ஸ்ட்ரிங்ஸ் போடுங்க. ஹை-ஹேட் கசியுதா, அதே அடியில ஒரு ஷேக்கர். கேக்கறவங்க காது அதை புது மியூசிக்கோட கணக்குல சேத்துக்கும். கடைசியா குரலுக்கும் புது மியூசிக்குக்கும் பொதுவா ஒரே ரிவர்ப் கொஞ்சமா குடுத்தா ரெண்டும் ஒரே ரூம்ல நிக்கும்.

ஹால் விஷயம் ஒண்ணு. பல ஹால்ல ஸ்பீக்கர் மோனோவாத்தான் ஓடும், அதனால வீட்லயே மோனோவாக்கி ஒரு தடவை கேளுங்க. ஸ்டீரியோவ அகலமாக்கற எஃபெக்ட் போட்டிருந்தா அங்க போய் ஏதாவது ஒரு வாத்தியம் காணாம போயிடும், ஒத்திகை நாள்ல அது தெரிஞ்சா பரவாயில்ல, நிகழ்ச்சி அன்னிக்கு தெரிய வேண்டாம்.

ஆப்ல ரெண்டு பாட்டும் ஜி மேஜர்னு காட்டுது. பிபிஎம்மும் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) ஒண்ணுதான். சேத்து போட்டா ஏதோ கசக்குது, ஒவ்வொரு வரி முடியறப்பவும் இடிக்குது. ஏன்னு தெரியல, முடியல லா.
– செங்காங் வாசகர்

வந்த கேள்விங்கள்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான் தம்பி, நம்ம பாட்டுல மேஷப் பண்றவங்க எல்லாரும் முட்டிக்கற இடம் இது.

கீ கண்டுபிடிக்கற ஆப்புக்கு தெரிஞ்சது 24தான், 12 மேஜர், 12 மைனர். ராகம் தெரியாது. ஒரு பாட்டு கல்யாணி ராகத்துல ஒரு கட்டையில இருக்குன்னு வைங்க. கட்டைங்கறது சுருதி, ஒரு கட்டைன்னா சி. கல்யாணியோட ஸ்வரம் சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி. இதே ஏழும்தான் ஜி மேஜர், அதனால ஆப் தைரியமா ஜி மேஜர்னு சொல்லிடும். உங்க இன்னொரு பாட்டு நிஜமாவே ஜி, அஞ்சு கட்டை, சங்கராபரணம் மாதிரி. ஸ்வரமெல்லாம் ஒண்ணுதான், ஆனா ஒண்ணுக்கு ஸட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான 'ஸ', சியில, இன்னொண்ணுக்கு ஜியில. முதல் பாட்டு ஒவ்வொரு வரி முடியறப்பவும் சியில வந்து உக்காரும், அடியில ஜி கார்டுல பி ஒலிச்சிக்கிட்டிருக்கும், சியும் பியும் அரை ஸ்வரம் தள்ளி பக்கத்துல பக்கத்துல. அந்த இடிதான் உங்க கசப்பு.

அதனால ஆப்ப நம்பறதுக்கு முன்னாடி போன்ல ஒரு தம்புரா ஆப்ப ஓட விட்டு, பாட்டு எந்த கட்டையில போய் ஓயுதுன்னு பாடிப் பாத்து கண்டுபிடிங்க. ஒண்ணு சி, ரெண்டு டி, மூணு இ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ, ஏழு பி, நடுவுல அரைக் கட்டைங்க, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மட்டும் அரைக் கட்டை கிடையாது. ஸட்ஜம் ஒத்துப் போச்சுன்னா அடுத்தது ராகம். கல்யாணிக்கு பிரதி மத்யமம், சங்கராபரணத்துக்கு சுத்த மத்யமம், ஒரே கட்டைக்கு கொண்டு வந்தாலும் 'ம' வர்ற இடத்துல மோதும். மோகனத்துல 'ம'வும் இல்ல 'நி'யும் இல்ல, அதனால மோகனத்துல இருக்கற ஒரு பாட்டோட குரலை அதே கட்டையில கல்யாணி மேலயும் வைக்கலாம், சங்கராபரணம் மேலயும் வைக்கலாம், ஹரிகாம்போதி மேலயும் வைக்கலாம். புதுசா ஆரம்பிக்கறவங்க மோகனத்துல ஆரம்பிங்கன்னு நான் சொல்றது அதுக்குத்தான். மாயாமாளவகௌளைல இருக்கற பாட்ட ஆப்ல போட்டீங்கன்னா அது எந்த மேஜர் மைனர்லயும் அடங்காது, ஆப் வாய்க்கு வந்தத சொல்லும், அங்க காதுதான் ஒரே வழி.

கட்டை மாத்தணும்னா குரலை விட்டுட்டு மியூசிக்கை மாத்துங்க. நமக்கு தெரிஞ்ச பாடகரோட குரல் கொஞ்சம் மாறினாலும் காது பிடிச்சிடும், கீபோர்டு ரெண்டு ஸ்வரம் ஏறினா யாருக்கும் தெரியாது. குரலையே நகர்த்த வேண்டி வந்தா ரெண்டு அரை ஸ்வரம் வரைக்கும் தாங்கும், மூணு தாண்டினா கமகம் எல்லாம் மெஷின் மாதிரி வழுக்கும். பழைய பாட்டுங்க டேப் ஓடின வேகத்தால ரெண்டு கட்டைக்கு நடுவுல எங்கயோ நிக்கும், அதை சென்ட் கணக்குல சரி பண்ணணும், அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்.

பழைய பாட்டுல டெம்போ நிலையா நிக்க மாட்டேங்குது, ஆரம்பத்துல ஒட்டினது சரணத்துக்கு வர்றதுக்குள்ள நழுவிடுது. குத்துப் பாட்டு அடியில மெலடி குரல் வச்சாலும் சரியா வரல.
– உட்லண்ட்ஸ், டிஜே பண்றவர்

அந்தக் காலத்துல மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒண்ணா உக்காந்து வாசிச்சாங்க, மெட்ரோனோம் கிளிக்க காதுல வச்சுக்கிட்டு வாசிக்கல, கொஞ்சம் ஏறும் கொஞ்சம் இறங்கும், அந்தப் பாட்டோட அழகே அதுதான். நீங்க பாட்டு முழுக்க ஒரே பிபிஎம் போட்டு இழுக்காம நாலு தாளத்துக்கு ஒரு தடவை ஒரு மார்க்கர் வச்சு துண்டு துண்டா ஒட்டுங்க. இழுக்கறது குறுக்கறது ஆறு ஏழு சதவீதத்துக்குள்ள இருக்கட்டும். 84ல இருக்கற குரலை 168 பீட் மேல அப்படியே வைக்கலாம், இழுக்கவே வேண்டாம்.

குத்துல உங்க பிரச்சனை வேகம் இல்ல, நடை. பல குத்துப் பாட்டு திஸ்ரத்துல 'தகிட தகிட'ன்னு போகும், மெலடி 'தகதிமி'ன்னு சதுஸ்ரத்துல இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் ஒட்டாது. ஒரே நடையில இருக்கற ரெண்ட தேடுங்க.

இன்னொரு யோசனை சொல்றேன், நிறைய பேரு கண்டுக்காதது. பாட்டு ஆரம்பத்துல தாளம் இல்லாம வர்ற விருத்தம், ஆலாபனை, தொகையறா, இதுங்கதான் மேஷப்புக்கு தங்கம். அடியில தம்புராவோ ஒரு வயலினோதான் இருக்கும், டிரம்ஸ் இல்ல, அதனால பிரிச்சா நல்லா பிரியும், தாளம் இல்லாததால எந்த பீட் மேலயும் மிதக்க விடலாம், கட்டை மட்டும் சேந்தா போதும். நம்ம பழைய பாட்டுங்கள்ல இது எவ்வளவு கொட்டிக் கிடக்கு!

ஒரு பாடகரோட குரலை பிரிச்சு எடுத்து, ஏஐல போட்டு அவர் பாடாத பாட்ட பாட வைக்கலாமா?
– பொங்கோல் வாசகர்

வேண்டாம். அவர் பாடினத வேற மியூசிக் மேல வைக்கறதுல அவர் பாடினது அப்படியே இருக்கு. அவர் பாடாதத அவர் வாயில வைக்கறதுக்கு அவர் சம்மதம் வேணும், அவர் இல்லன்னா குடும்பத்தோட சம்மதம். சம்மதம் இருந்தா எழுதுங்க, பேசலாம்.

மேஷப்ப இணையத்துல போட்டா உடனே பிளாக் ஆகுது. விளையாட்டுக்கு பண்றதுதானே, காசு வாங்கலயே? கல்யாண ஹால்ல போட்டா சட்டப்படி சரியா?
– பிடோக் வாசகர்

ஒரு பாட்டுல ரெண்டு தனித்தனி உரிமை இருக்குங்க, மெட்டும் வரியும் ஒண்ணு, அந்த ரெக்கார்டிங் இன்னொண்ணு. குரலை பிரிச்சு எடுத்தா ரெண்டையும் தொடறீங்க, ரெண்டு பாட்ட சேத்தா நாலு பேரை கேக்கணும். யூடியூப்ல கன்டென்ட் ஐடி குரலையும் அடையாளம் பாக்கும், மியூசிக்கையும் பாக்கும், அதனால பிளாக் ஆகறது, இல்ல விளம்பர வருமானம் அவங்களுக்கு போறது சகஜம். எதை செய்யணும்னு முடிவு பண்றது உரிமையாளர்.

நம்ம பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21ல புதுசா நடைமுறைக்கு வந்துச்சு, அதுல நியாயமான பயன்பாடுன்னு ஒரு விதி இருக்கு. எதுக்காக பயன்படுத்தினீங்க, வியாபாரமா இல்லையா, எந்த மாதிரி படைப்பு, எவ்வளவு எடுத்தீங்க, அசலோட சந்தைய பாதிக்குமான்னு எல்லாத்தையும் சேத்துதான் பாப்பாங்க. காசு வாங்கலங்கறது ஒரு அம்சம், அது மட்டுமே உங்கள காப்பாத்தாது. பொது நிகழ்ச்சியில பாட்டு போடறதுக்கு காம்பஸ்ங்கற, இசையமைப்பாளர் பாடலாசிரியர் உரிமைய பாத்துக்கற அமைப்புகிட்ட உரிமம் உண்டு, இடத்துக்காரங்க எடுத்திருக்காங்களான்னு ஏற்பாட்டாளர்கிட்ட கேளுங்க, ஆனா அது பாட்ட போடறதுக்குத்தான், வெட்டி ஒட்டி வெளியிடறதுக்கு இல்ல.

2004ல டேஞ்சர் மவுஸ்னு ஒருத்தர் ராப் பாடகர் ஜே-ஸியோட குரலையும் பீட்டில்ஸ் மியூசிக்கையும் சேத்து 'தி கிரே ஆல்பம்'னு பண்ணாரு, ஜே-ஸி பக்கம் அகபெல்லாவ (மியூசிக் இல்லாத தனிக் குரல்) அவங்களே வெளியிட்டிருந்தாங்க, அப்படியும் பீட்டில்ஸ் ரெக்கார்டிங் உரிமை வச்சிருந்த இஎம்ஐ நோட்டீஸ் அனுப்பி நிறுத்தச் சொன்னாங்க. ஒரு பக்கம் சம்மதம் இருந்தா போதாது. நான் சொல்ற வழி, இங்கயே பாடற, இசையமைக்கற நம்ம பசங்ககிட்ட நேரா போய் கேளுங்க. தனி குரல் டிராக்கே குடுப்பாங்க, பிரிக்கவும் வேண்டாம், கேட்டதுக்கே சந்தோஷப்படுவாங்க.

எங்கப்பா 1980கள்ல வீட்ல ஆர்மோனியத்தோட தேவாரம் பாடினது ஒரு கேசட்ல இருக்கு. அவர் குரலை மட்டும் எடுத்து, என் மகன் கீபோர்டு வாசிச்சு சேத்து, அவர் திதிக்கு சொந்தக்காரங்களுக்கு போட்டுக் காட்டணும்னு ஆசை. முடியுமா தம்பி?
– தெம்பனிஸ் வாசகி

முடியும்க்கா. பீட்டில்ஸோட கடைசிப் பாட்டுன்னு 2023 நவம்பர்ல வந்த 'நவ் அண்ட் தென்' இப்படித்தான் வந்துச்சு, ஜான் லெனன் 1970கள் கடைசில வீட்ல பியானோவோட பாடி கேசட்ல வச்சிருந்தாரு, 1990கள்ல மத்தவங்க அதை எடுத்து முயற்சி பண்ணி பியானோ சத்தத்துலயிருந்து குரலை பிரிக்க முடியாம விட்டுட்டாங்க, அப்புறம் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழு பண்ண மென்பொருள்தான் அதை பிரிச்சுது. உங்க வீட்டு கேசட்டும் அதே மாதிரி விஷயம்தான், குரலும் ஒரு கீ வாத்தியமும்.

கேசட்ட டெக்ல போடறதுக்கு முன்னாடி அதோட மேல் விளிம்புல இருக்கற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டையும் உடைச்சு விட்டுடுங்க, தெரியாம யாராவது ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. டெக்கோட ஹெட்ட ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சுட்டு, முழு கேசட்டையும் ஒரு தடவை முன்னாடி ஓட்டி திருப்பி பின்னாடி ஓட்டுங்க, ரொம்ப நாள் கிடந்த நாடா ஒட்டிக்கிட்டிருக்கும். ரெக்கார்ட் பண்றப்ப 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். நம்ம ஊர் கரண்டோட 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறியிருந்தா 50, 100, 150ன்னு அந்தந்த இடத்துல மட்டும் ஒல்லியா வெட்டுங்க. இரைச்சல் நீக்கற சாஃப்ட்வேர்ல கை வச்சா ரொம்ப கொஞ்சமா வைங்க, முழு இரைச்சலையும் எடுத்தா கூடவே அப்பாவோட குரல்ல இருக்கற கரகரப்பும் போயிடும், அதுதான் உங்களுக்கு அவர்.

பிரிச்சு பாருங்க. ஆர்மோனியம் முழுசா போகாது, அவர் பாடற அதே ஸ்வரத்த அதே இடத்துல தொடர்ந்து பிடிச்சிக்கிட்டிருக்கற வாத்தியம் அது, மாடலுக்கு ரொம்ப கஷ்டம். கொஞ்சம் மிஞ்சினா விட்டுடுங்க, மகன் வாசிக்கறதுலயும் லேசா ஒரு ஆர்மோனியம் டோனை சேத்துக்கிட்டா ரெண்டும் கலந்துடும். அப்பா குரலை கீபோர்டுக்கு ஏத்த மாதிரி நகர்த்தாதீங்க, கீபோர்டுல மாஸ்டர் ட்யூன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை அப்பா கட்டைக்கு கொண்டு வாங்க. பழைய டெக்ல வேகம் மாறிக்கிட்டே போகும், அதனால ஆரம்பத்துல ட்யூன் பண்ணது கடைசிப் பாட்டுக்கும் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க. தாளம் இல்லாம பாடியிருந்தா பீட் எதுவும் வேண்டாம், நீட்டி நிக்கற கார்டு போதும்.

எதுவும் செய்யாத முதல் ரெக்கார்டிங்க அப்படியே ரெண்டு இடத்துல, ஒண்ணு வீட்ல ஹார்ட் டிஸ்க்ல, இன்னொண்ணு சொந்தக்காரங்க யார் வீட்லயாவது வச்சிருங்க. இன்னும் சில வருஷத்துல இதை விட நல்லா பிரிக்கற மாடல் வரும், அப்ப மகன் அதுலருந்து மறுபடி எடுத்துக்கலாம்.